எண்ணெய் குடிக்கும் பழைய கார்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

“காடி எண்ணெய் குடிக்குது, இழுக்கவும் மாட்டேங்குது.” (காடி என்றால் கார், இங்கே எண்ணெய் என்றால் பெட்ரோல்.) சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து இருபது வருடம் தாண்டிய புரோட்டோன் வீராவையோ பெரோடுவா கஞ்சிலையோ ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருபவர்கள் ஒரே மூச்சில் சொல்லும் புகார் இது. கேட்க ஒன்று போல இருந்தாலும் அதில் இரண்டு புகார் இருக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றாகவும் இருக்கலாம், வெவ்வேறாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்காமல் பிளக், காயில், சென்சார் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பழைய சாமான் ஒரு பெட்டி சேரும், கோளாறு அப்படியே இருக்கும்.

நன்றாக இழுக்கிறது, ஆனால் குடிக்கிறது என்றால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் கூடிப் போகிறது, அல்லது இன்ஜின் சூடேறவே இல்லை, அல்லது உங்கள் கணக்கு தப்பு. இழுக்கவில்லை, ஆனால் குடிக்கவும் இல்லை என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் பற்றவைப்பு, பிரேக், கிளட்ச், அடைபட்ட எக்ஸோஸ், தேய்ந்த இன்ஜின் ஆகியவற்றில் ஒன்று.

முதலில் கணக்கு

இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) பெட்ரோல் அடித்து, முள் இறங்குவதைப் பார்த்து மைலேஜ் சொல்ல முடியாது. பழைய காரின் மிதவை முள் பாதிக்கு மேல் மெதுவாகவும், பாதிக்குக் கீழே வேகமாகவும் இறங்கும். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், துப்பாக்கி முதல் தடவை ‘டக்’ என்று நிற்கும் வரை நிரப்புங்கள். கி.மீ. குறித்துக்கொண்டு குறைந்தது 250 கி.மீ. ஓட்டுங்கள். மறுபடி அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை அடித்த லிட்டரால் வகுங்கள். 270 கி.மீ. ஓடி 24.5 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 11 கி.மீ. இதை இரண்டு தடவை செய்தால்தான் நம்பலாம்.

நல்ல நிலையில் உள்ள வீரா 1.5 மேனுவல், பட்டணமும் பெரிய சாலையும் கலந்த ஓட்டத்தில் ஏறக்குறைய 11 முதல் 13 கொடுக்கும். கஞ்சில் 850 மேனுவல் 15க்கு மேல் கொடுக்க வேண்டும். கஞ்சில் ஆட்டோவுக்கு மூன்றே கியர்தான். அது மேனுவலை எட்டிப் பிடிக்காது, அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார் 12 கொடுத்தால் 83 லிட்டர், 8 கொடுத்தால் 125 லிட்டர். மானிய ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் மாதம் 83 வெள்ளி. சரிபார்க்கும் வேலைக்கு அந்தக் காசு தாராளம்.

டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டரே பொய் சொல்லும். 175/70 R13 டயரின் விட்டம் சுமார் 575 மி.மீ.; அதே காரில் 185/65 R14 போட்டால் 596 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றில் 3.6 விழுக்காடு கூடுதலாக ஓடும், மீட்டர் அதைக் காட்டாது. கைப்பேசி ஜிபிஎஸ்ஸை வைத்து 20 கி.மீ. ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்று: லயத்திலிருந்து பள்ளிக்கூடம் 3 கி.மீ., அங்கிருந்து கடைக்கு 2 கி.மீ., செம்மண் சாலையில் இரண்டாவது கியர், ஏர்கோன் முழு வேகத்தில். இப்படி மட்டும் ஓடும் கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குடிக்கும். கோலகங்சார் வரை பழைய சாலையில் ஒரு நாள் சீராகப் போய்வந்து அளந்து பாருங்கள். அந்த ஓட்டத்தில் எண் சரியாக வந்தால் காரை விட்டுவிடுங்கள்.

நன்றாக இழுக்கிறது, ஆனால் குடிக்கிறது

முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். நம் ஊரில் பழைய காரை வாங்கினால் அது உள்ளே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்போதோ ஒரு தடவை கார் கொதித்திருக்கும். ரேடியேட்டர் அடைப்பையோ நின்றுபோன விசிறியையோ சரிசெய்வதை விட, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது எளிது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கார் அதன் பிறகு கொதிக்காது. குடிக்கத் தொடங்கும்.

காரணம் எளிது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வேகமாகச் சூடேறும். 82 அல்லது 88 டிகிரி வந்ததும் திறக்கும். அது இல்லையென்றால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றுகிறது. மழையில், இறக்கத்தில், சீரான வேகத்தில் இன்ஜின் 60, 65 டிகிரியைத் தாண்டாது. இன்ஜெக்‌ஷன் காரின் கணினி “இன்னும் குளிராக இருக்கிறது” என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். தண்ணீர்ச் சூட்டில் மெழுகு விரிந்து, காற்றை மறிக்கும் சோக் திறக்கும் வகைக் கார்புரேட்டரில், சோக் முழுதாகத் திறக்காது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கருப்பு எண்ணெயில் (இன்ஜின் எண்ணெயில்) கலக்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிறிய பசை ஒட்டியிருப்பதும், எண்ணெயைக் காட்டும் கம்பியில் பெட்ரோல் வாடை வருவதும் இதன் அடையாளம். எண்ணெயில் தண்ணீர் கசிந்தாலும் பசை வரும். ரேடியேட்டர் தண்ணீர் அளவு குறைகிறதா என்று ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கக் கருவி வேண்டாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை முடுக்கி, ரேடியேட்டரின் மேல்குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள் (விசிறியிடமிருந்து கையைத் தள்ளி வையுங்கள்). தெர்மோஸ்டாட் இருந்தால் குழாய் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறும். இல்லையென்றாலோ, திறந்தபடி சிக்கியிருந்தாலோ, தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வரும்.

புதிதாக வாங்கும்போது அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள். ரப்பர் வளையத்தையோ கேஸ்கெட்டையோ சேர்த்து வாங்குங்கள். போடுவதற்கு முன் சமையலறையில் சோதிக்கலாம்: நூலில் கட்டிப் பானைத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். பொறித்த டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்கி, கொதிநிலை வருமுன் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பொருத்தும்போது ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். போட்ட பிறகு கொதித்தால் தெர்மோஸ்டாட்டைப் பழிக்காதீர்கள். முன்னால் மறைத்துவைத்த ரேடியேட்டர் கோளாறு வெளியே வந்திருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர்ச் சூட்டுச் சென்சார். பல பழைய கார்களில் ஒற்றை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு, இரட்டை ஒயர் உள்ளது கணினிக்கு. ஆகவே முள் சரியாக நிற்பதால் கணினிக்குச் சரியான செய்தி போகிறது என்று ஆகாது. இரட்டை ஒயர்ச் சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளங்கள்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.3 கிலோ ஓம். நம் காலை நேரத்து 27, 28 டிகிரியில் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே வரும். சூடான இன்ஜினில் 1 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் மாற்றுங்கள். விலை பெரிதில்லை.

எக்ஸோஸ் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரில்தான் அதிகப் பணம் வீணாகிறது. முதலில் உங்கள் காருக்கு அது இருக்கிறதா என்று எக்ஸோஸ் மேனிஃபோல்டில் பாருங்கள். எல்லாப் பழைய இன்ஜெக்‌ஷன் காருக்கும் கிடையாது. இருந்தால், சூடான இன்ஜினை 2,500 சுற்றில் பிடித்து அளக்கும்போது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 0.8க்கு மேல் நின்றுவிட்டால் உடனே சென்சாரைக் குறைசொல்லாதீர்கள், அது உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் உறிஞ்சும் ஒரு சிறு வேக்கம் (வெற்றிட) குழாயைப் பிடுங்கிக் காற்றைக் கூட்டுங்கள். வோல்ட் விழுந்தால் சென்சார் நல்லது, பெட்ரோல்தான் கூடுதல். அசையவே இல்லையென்றால் சென்சார் செத்தது. 0.1, 0.2இல் கிடந்தால், அதற்கு முன்னால் உள்ள கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று நுழைகிறதா என்று பாருங்கள். அந்தக் காற்றைப் பார்த்துக் கணினி ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். புதுச் சென்சார் போட்டாலும் அதே கதைதான்.

கறுப்புப் புகை, பிளக் முனையில் காய்ந்த கரி

இதுவும் பெட்ரோல் கூடுதல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. காற்று ஃபில்டரில் தொடங்குங்கள். கார்புரேட்டர் காரில் அடைந்த ஃபில்டர் சோக் இழுத்தது போலத்தான். மைலேஜை நேரடியாகத் தின்னும். இன்ஜெக்‌ஷன் காரில் கணினி சமாளித்துக்கொள்வதால் மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியாது, இழுவைதான் குறையும். செம்மண் சாலையில், அதுவும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் தினமும் ஓடும் காருக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கி.மீ. பொருந்தாது, 5,000க்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். தாள் ஃபில்டரை உள்ளிருந்து வெளியே காற்றடித்துத் தட்டலாம். பெட்ரோலில் கழுவக் கூடாது.

ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் காய்ந்த புல்லும் கிழிந்த துணியும் இருந்தால் எலி குடியிருக்கிறது. எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டிக் கூடு வைக்கும் தோட்டங்களில் இது அதிசயமில்லை. கூட்டை எடுத்ததோடு விடாதீர்கள். இன்ஜெக்டர், சென்சார் ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள்.

கார்புரேட்டராக இருந்தால், சூடான இன்ஜினில் சோக் தகடு நேராக நிற்கிறதா பாருங்கள். பாதி சாய்ந்திருந்தால் அதுதான் திருடன். பிறகு மிதவை: கண்ணாடி ஜன்னல் இருந்தால் பெட்ரோல் மட்டம் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே போனால் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது.

இன்ஜெக்‌ஷனாக இருந்தால் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றி முகருங்கள். குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே தோல் கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. வீரா 1.5இல் உள்ள 4ஜி15 போன்ற இன்ஜினில் அழுத்தம் அளந்தால், வேக்கம் குழாய் மாட்டியிருக்கும்போது சுமார் 38 பிஎஸ்ஐ, கழற்றினால் 47 முதல் 50. கேஜ் மாட்டும் முன் பம்பின் இணைப்பைக் கழற்றி இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். அப்போதும் கொஞ்சம் பீச்சும், துணியால் மூடிக்கொண்டு திறங்கள்.

சமவெளியில் சரி, மெனோரா ஏற்றத்தில் விழுகிறது

ஈப்போவைத் தாண்டி வடக்கே மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் நெடுஞ்சாலை நல்ல சோதனைக்கூடம். 80இல் போன கார் அங்கே 60க்கு விழுந்து, மிதிக்க மிதிக்க இன்னும் தளர்கிறது என்றால் இரண்டில் ஒன்று: உள்ளே வருவது போதவில்லை, அல்லது வெளியே போக வழியில்லை.

உள்ளே வருவது என்றால் பெட்ரோல் ஃபில்டர். கார்புரேட்டர் காரில் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் ஃபில்டரில் துரு படிந்திருந்தால் பார்த்ததுமே தெரியும். எப்போதும் கடைசிக் கோட்டிலேயே ஓட்டும் காரில் தொட்டியின் அடிக்கசடு பம்பின் வலையை அடைத்துவிடும். அழுத்தம் நின்ற இடத்தில் சரியாக இருந்தும் ஏற்றத்தில் விழலாம்; குழாயை நீட்டிக் கேஜைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, இன்னொருவர் ஓட்ட நீங்கள் பாருங்கள். முழுதாக மிதிக்கும்போது முள் ஏறி நிற்க வேண்டும். சரிந்தால் பம்ப் அல்லது ஃபில்டர்.

வெளியே போவது என்றால் எக்ஸோஸ். உள்ளே உடைந்த சைலன்சர் தகடோ, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் உருகியோ வழியை அடைத்திருக்கும். வேக்கம் கேஜ் மாட்டினால் ஐந்து நிமிட வேலை. நல்ல இன்ஜின் சும்மா ஓடும்போது 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) அசையாமல் நிற்கும். 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். முள் ஒரு நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் எக்ஸோஸ் அடைப்பு. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டினால் இன்னும் உறுதி: 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது.

மழைக்குப் பிறகு குலுங்குகிறது, மிதித்தால் தும்முகிறது

பற்றவைப்பு. இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பிளக் ஒயர்கள் மீது தண்ணீரை மெல்லிதாகத் தெளியுங்கள். நீலப் பொறி ஓடும் இடம் தெரியும். கையால் மட்டும் தொடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வெள்ளைத் தூள், மயிரிழை போன்ற கறுப்புக் கோடு இருந்தால் மூடியையும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒயர்களை ஓம் மீட்டரில் அளந்தால் நீளத்துக்கேற்பச் சற்று மாறும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடப் பல மடங்கு காட்டினால் செட்டாக மாற்றவும். 4ஜி15க்குப் பிளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. புதுப் பிளக்கையும் அளந்துதான் போட வேண்டும்.

எரியாத ஒரு சிலிண்டர் மூன்று சிலிண்டர்க் கஞ்சிலில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பெட்ரோல் அப்படியே எக்ஸோஸுக்குப் போகிறது.

குலுக்கல் இல்லை, சோம்பல் மட்டும் என்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டரில் வட்டமான வேக்கம் டப்பா இருந்தால் அதன் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். காற்று ஓடிவந்தால் தோல் கிழிந்தது, மெல்ல ஓட்டும்போது டைமிங் முன்னேறாது, எண்ணெய் குடிக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கிய சோம்பல் என்றால் ஒரு பல் தவறிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். குறிகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் கத்துகிறது, கார் எழவில்லை

மேனுவலில், நாலாவது கியரில் 50இல் போகும்போது முழுதாக மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. முதலில் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பாருங்கள்; தளர்வே இல்லாமல் இறுக்கியிருந்தால் நல்ல கிளட்ச்கூட நழுவும். ஆட்டோவில் கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள், கருகிய வாடை வந்தால் ஸ்பெஷலிஸ்ட் வேலை.

கார் உருள மறுக்கிறது

சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் சிறிய கார் நகர வேண்டும். நகராவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 10 கி.மீ. ஓட்டி, முடிந்தவரை பிரேக் போடாமல் நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்தருகே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். ஜாக்கி வைப்பதைச் சிமெண்டுத் தரையில் செய்யுங்கள்; செம்மண்ணில் ஜாக்கி புதையும். ஸ்டாண்டு இல்லாமல் காருக்கடியில் போகக் கூடாது.

முன்சக்கரம் என்றால் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் காய்ந்திருக்கும். கழற்றித் துடைத்துப் பிரேக்குக்கான கிரீஸ் தடவினாலே போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். அப்போதும் விடவில்லையென்றால் காற்று எடுக்கும் திருகைச் சற்றுத் திறங்கள். பிரேக் எண்ணெய் பீச்சி, சக்கரம் விடுபட்டால் உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸ்தான் குற்றவாளி. பின்சக்கரம் என்றால் டிரம்முக்குள் காய்ந்த சேறும், திரும்பி வராத கைப்பிரேக் கேபிளும். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் ஓடும் காருக்கு டிரம்மைத் திறந்து துடைப்பது வருடாந்தர வேலை.

டயர் காற்றை எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 விழுக்காடு மைலேஜ் போகும். 8 பிஎஸ்ஐ குறைந்தாலும் இரண்டு விழுக்காடுகூட ஆகாது. கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள், ஆனால் 12 கொடுத்த கார் 8க்கு விழுந்ததற்கு அது காரணமில்லை. ரோன் 97 அடிப்பதும் அப்படித்தான்: ரோன் 95க்கு இன்ஜின் தட்டவில்லையென்றால் கூடுதல் காசுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் இழுக்கவில்லை

கடைசியாகக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம். பிளக் துளையில் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கட்டும், எல்லாப் பிளக்கையும் கழற்றி, பற்றவைப்பையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பொதுவாக 150 பிஎஸ்ஐக்கு மேல் இருந்து, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்ஜின் இன்னும் ஓடும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி வேலை பார்ப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகும். ரிங் என்றால் பலரும் ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) கடையில் பழைய இன்ஜின் தேடுவார்கள். அப்படி மாற்றினால் இன்ஜின் எண் மாறும். சோதனை நிலையத்தில் காட்டி ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவை மாற்ற வேண்டும், ஆகவே கடையில் பில்லும் இன்ஜினின் ஆவணமும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜினைக் காரில் இறக்குவதற்கு முன், தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். அந்த இன்ஜினிலும் அது இல்லாமல் இருக்கலாம்.